மாத்திரைக்குப் பின் வந்த காய்ச்சல்

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். கழுத்தில் நெறி கட்டும். ஏற்கெனவே கட்டியிருந்த நெறி வீங்கிப் பழுத்து உடைவதும் உண்டு. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு இருமல் அடங்கியிருந்தவர் மறுபடி இரும ஆரம்பிப்பார். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் போன மாதத்தைவிட மோசமாகத் தெரியும். அதே ஆளின் இரத்தத்தைச் சோதித்தால் வைரஸ் நூறில் ஒரு பங்காகவோ ஆயிரத்தில் ஒரு பங்காகவோ குறைந்திருக்கும். சி.டி.4 எனப்படும் எதிர்ப்பாற்றல் அணுக்கள் ஏறத் தொடங்கியிருக்கும். மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, ஆள்தான் படுத்துவிட்டார்.

இந்த நிலைக்கு ஐரிஸ் என்று பெயர். நோய் எதிர்ப்பாற்றல் மீண்டு வரும்போது எழும் அழற்சி என்று நீட்டிச் சொல்லலாம். வார்டில் டாக்டர்களும் நர்ஸுகளும் ஐரிஸ் என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இதைப் புரிந்துகொள்ள, நோய் என்றால் கிருமி செய்யும் சேதம் என்று நாம் மனதில் போட்டு வைத்திருக்கும் கணக்கை முதலில் அழிக்க வேண்டும். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். காலராக் கிருமிக்கு இருப்பதுபோலக் குடலைப் பிழியும் கொடிய நஞ்சு எதுவும் காசநோய்க் கிருமிக்கு இல்லை. நுரையீரலில் ஓட்டை விழுவதற்குப் பெரும் காரணம், கிருமியைச் சுற்றி வளைத்து நிற்கும் நம் சொந்த அணுக்கள் சுரக்கும் நொதிகள். காய்ச்சல், இரவு வியர்வை, உடம்பு உருகுவது எல்லாவற்றிலும் நம் எதிர்ப்பாற்றலின் கை இருக்கிறது. எதிர்ப்பாற்றல் அடியோடு சரிந்துபோன எச்.ஐ.வி. நோயாளியிடம் இதை நேராகப் பார்க்கலாம். சி.டி.4 எண்ணிக்கை 50க்குக் கீழே போனவருக்குக் காசநோய் இருந்தாலும் பல நேரங்களில் நுரையீரலில் ஓட்டை இருக்காது. சளியில் கிருமி தென்படாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கலாம். கிருமியோ நிணநீர் முடிச்சு, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று உடம்பெங்கும் பரவிக் கிடக்கும். முன்கையில் காசநோயைச் சோதிக்கும் மான்டூ ஊசி போட்டால் தடிப்பே வராது. அந்தக் கிருமியை அடையாளம் கண்டு சத்தம் போட வேண்டிய அணுக்கள் அங்கே இல்லை. கூட்டு மருந்து தொடங்கிச் சில வாரம் கழித்து அதே கையில் அதே ஊசியைப் போட்டால் தடித்துச் சிவக்கக்கூடும். முன்கைத் தோலில் அது ஒரு தடிப்பு, அவ்வளவுதான். அதே காரியம் நுரையீரலிலும் மூளையுறையிலும் நடந்தால் ஐரிஸ்.

இப்படியொன்று நடக்கும் என்பதை மருத்துவ உலகம் எய்ட்ஸ் வருவதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், 1890இல் பெர்லினில், காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்லி டியூபர்குலின் என்ற திரவத்தை அறிவித்தார். அது கிருமியிலிருந்து எடுத்த சாறு. ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிகளுக்குக் குளிர்காய்ச்சல் எழுந்தது. தோலில் இருந்த காசநோய்ப் புண்கள் சிவந்து வீங்கின. சிலர் இறந்தார்கள். மருந்தென்று அது தோற்றது. பிற்பாடு மான்டூ பரிசோதனைக்கான பொருளாக மட்டும் நிலைத்தது. விழித்திருக்கும் எதிர்ப்பாற்றலின் முன்னால் கிருமியின் சரக்கை ஒரேயடியாகக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை கோக் தெரியாமலே செய்து காட்டினார். ஐரிஸில் வரிசை மாறுகிறது. சரக்கு ஏற்கெனவே உடம்பு முழுக்கக் குவிந்திருக்கிறது. எதிர்ப்பாற்றல் பின்னால் விழிக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலத் திருவண்ணாமலை அல்ல. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும் சீனிவாசப் பெருமாளின் மலை. அந்த ஊர்க்காரர் ஒருவர், ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி. கொடுக்கும் எந்த மாவட்டத்து மையத்திலும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருடமாக எடை இறங்கியது. சர்க்கரை என்று நினைத்தார். பிறகு வாய்ப்புண், பேதி. கடைசியில் இருமல் விடாமல் போகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். சளியில் காசநோய், இரத்தத்தில் எச்.ஐ.வி., சி.டி.4 எண்ணிக்கை 38. ஆரோக்கியமான உடம்பில் இது 500க்கு மேல் இருக்க வேண்டும். காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். பத்து நாளில் காய்ச்சல் விட்டது, சாப்பாடு இறங்கியது. இரண்டு வாரம் கழித்து ஏ.ஆர்.டி. மாத்திரையும் சேர்ந்தது. அதற்குப் பதினைந்து நாள் கழித்து மறுபடி 102 டிகிரி காய்ச்சல், கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி.

"மேடம், டி.பி. மாத்திரை நல்லாத்தான் கேட்டுது. இந்த மாத்திரைதான் எனக்கு ஒத்துக்கிடலை" என்று கவுன்சிலரிடம் சொல்வார். அப்படிச் சொல்பவர்களாவது திரும்பி வந்தவர்கள். வராதவர்கள் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

அவர் உடம்புக்குள் நடந்ததைச் சொல்ல, அவர் ஊர்ப் பக்கத்துக் காட்டாறுதான் வசதி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் அந்த ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். முறிந்த கிளை, சருகு, மண், குப்பை எல்லாம் தடத்தில் சேரும். மலையில் ஒரு மழை பெய்தால் போதும், சேர்ந்ததெல்லாம் தண்ணீரோடு உருண்டு வரும். வெள்ளத்தின் மூர்க்கத்துக்கு மழை எவ்வளவு காரணமோ, வறட்சி எத்தனை காலம் நீடித்தது, தடத்தில் எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதும் அவ்வளவு காரணம். ஐரிஸிலும் இவைதான் கணக்கு: எதிர்ப்பாற்றல் எவ்வளவு தாழ்ந்திருந்தது, கிருமிச் சரக்கு எவ்வளவு சேர்ந்திருந்தது, அணுக்கள் எவ்வளவு வேகமாகத் திரும்பின.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டு மருந்து தொடங்கியதும் முதல் சில வாரங்களில் இரத்தத்தில் ஏறும் சி.டி.4 அணுக்களில் பெரும்பாலானவை புதிதாகப் பிறந்தவை அல்ல. நிணநீர்த் திசுக்களில் அடைபட்டிருந்த பழைய நினைவணுக்கள், வைரஸின் நெருக்குதல் குறைந்ததும் வெளியே வருகின்றன. காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்தவை அவற்றில் உண்டு. புத்தம்புதிய அணுக்கள் சேர மாதங்கள் பிடிக்கும். ஆகவே முதலில் திரும்புவது பழக்கப்பட்ட கிருமியைப் பார்த்ததும் வெகுண்டு எழும் கூட்டம். அதை மட்டுப்படுத்தும் ஒழுங்கு இன்னும் கூடவில்லை. இன்னொரு பக்கம் மாக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்கள் பல மாதமாகக் கிருமியை விழுங்கி வைத்துக்கொண்டு, அதைக் கொல்ல உத்தரவு வராமல் நிரம்பிக் கிடக்கின்றன. சி.டி.4 அணு வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையைச் சுரந்ததும் அவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுகின்றன.

இது ஊகம் மட்டுமில்லை. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் டேனியல் பார்பரும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட சோதனையில், டி அணுக்களே இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமியான மைகோபாக்டீரியம் ஏவியத்தைத் தொற்றவைத்தார்கள். உடம்பு முழுக்கக் கிருமி பெருகியும் எலிகள் நெடுநாள் நடமாடின. பிறகு சி.டி.4 அணுக்களை ஊசி மூலம் கொடுத்தார்கள். எலிகள் மெலிந்தன, பல இறந்தன. கிருமி அவற்றைச் சாகடிக்காமல் வைத்திருந்த இடத்தில் சிகிச்சை சாகடித்தது.

நோயாளிகளிடம் இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மார்ட்டின் ஃப்ரெஞ்ச். அப்போது கைவசமிருந்த மிகச் சில மருந்துகளில் ஒன்றான சிடோவுடினைத் தொடங்கிய சிலருக்கு அடங்கிக் கிடந்த ஏவியம் கிருமியால் திடீரென்று நெறி கட்டியதை அவர் குழு 1992இல் எழுதியது. கூட்டு மருந்துகள் வந்த பிறகு 1998இல் ஃப்ளோரிடாவிலிருந்து நரிட்டாவின் குழு ஒரு எண்ணிக்கையைக் கொடுத்தது. எச்.ஐ.வி.யும் காசநோயும் இருந்து இரண்டுக்கும் மருந்து தொடங்கிய 33 பேரில் 12 பேருக்கு நோய் தற்காலிகமாக மோசமானது. எச்.ஐ.வி. இல்லாத காசநோயாளிகள் 55 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இந்தக் கவலை இல்லை. கூட்டு மருந்தே இல்லாதபோது ஐரிஸ் எங்கிருந்து வரும்? இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டது சென்னை மருத்துவக் கல்லூரிதான். 1986இல் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறில் தொற்று இருந்தது. அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் ஏழை நோயாளிகளுக்குச் சாவுதான் மிச்சம். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எட்டு ஆஸ்பத்திரிகளில் இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியம். 1928இல் சௌரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். எய்ட்ஸ் காலத்தில் அது நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. ஆஸ்பத்திரிகளில் ஒன்றாகியிருந்தது. காசநோய்க்காகக் கட்டிய கட்டடத்தில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்க ஆரம்பித்தது தற்செயல் அல்ல. நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய். அப்போது சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனவர்களுக்குத்தான் மருந்து. வறட்சி முற்றிய பிறகே மழைக்கு அனுமதி என்ற ஏற்பாடு அது. நிதிநிலை அப்படி இருந்தது என்பது உண்மை. அதன் விலையில் ஒரு பகுதியை ஐரிஸாக நோயாளிகள் கட்டினார்கள் என்பதும் உண்மை.

சுனிதி சாலமன் சென்னையில் முன்பே தொடங்கியிருந்த ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்திலிருந்து குமாரசாமியும் சகாக்களும் அதே 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவில் தயாரான மருந்துகளைத் தொடங்கிய, எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்திருந்த 144 பேரில் 11 பேருக்கு ஐரிஸ். நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நரேந்திரன், சௌம்யா சுவாமிநாதன் உள்ளிட்ட குழு இன்னொரு கணக்கைக் கொடுத்தது. அதில் பாதியை ஒட்டிய பங்கினருக்கு ஐரிஸ் வந்திருந்தது.

ஒரே ஊர், ஒரே கிருமி. எட்டும் ஐம்பதும் எப்படி? ஐரிஸைச் சொல்லும் எந்தப் புள்ளிவிவரத்தையும் படிப்பதற்கு இந்த இடைவெளி நல்ல பயிற்சி. முதல் கட்டுரை வந்தபோது எதை ஐரிஸ் என்று கணக்கில் சேர்ப்பது என்பதற்கே உலகப் பொது வரையறை கிடையாது. அது 2008இல்தான் வந்தது. 2013 ஆய்வில் கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதிசெய்த நுரையீரல் காசநோயாளிகளை மட்டும் எடுத்து, முதல் வாரங்களில் அவர்களை விடாமல் கவனித்தார்கள். தேடினால்தான் கிடைக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு கணக்கு, காசநோயோடு கூட்டு மருந்து தொடங்குபவர்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு ஐரிஸ் வருவதாகச் சொல்கிறது. விழித்திரையை சி.எம்.வி. வைரஸ் தாக்கியிருந்தவர்களில் நூற்றுக்கு 38. அவர்களுக்குப் பார்வை திரும்ப வேண்டிய நேரத்தில் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையை மங்கவைக்கிறது.

சேத்துப்பட்டு ஆய்வின் முக்கியத்துவம் எண்ணிக்கையில் இல்லை. கூட்டு மருந்தின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே எடுத்து வைத்த இரத்தத்தில், பின்னால் யார் படுக்கப்போகிறார்கள் என்பதற்கான தடயம் இருக்கிறதா என்று அவர்கள் தேடினார்கள். கிடைத்த தடயங்களில் முன்னால் நின்றது இன்டர்லூகின் 6. அதோடு சி.ஆர்.பி.

இந்தப் பெயர்கள் வாசகருக்குப் புதியவையாக இருக்காது. 2020, 2021இல் கோவிட் வந்த வீடுகளில் சி.ஆர்.பி., டி-டைமர், ஐ.எல்.6 என்று லேப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருமகனிடமும் மெடிக்கல் கடைக்காரரிடமும் விளக்கம் கேட்டவர்கள் ஏராளம். அதே மூன்றும்தான் இங்கேயும். விழுங்கணுக்களும் அவற்றின் இளம் வடிவமான மோனோசைட்டுகளும் கிளர்ந்தெழும்போது இன்டர்லூகின் 6 சுரக்கிறது. அது கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. அழற்சி முற்றினால் இரத்தம் உறையும் ஏற்பாடும் தூண்டப்படும். உறைந்தது கரையும்போது உதிரும் துணுக்கு டி-டைமர். மோனோசைட்டின் மேற்பரப்பிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதக்கும் சி.டி.14, இன்டர்ஃபெரான் காமாவின் தூண்டுதலால் பிறக்கும் ஐ.பி.10 ஆகியவையும் ஆய்வாளர்களின் பட்டியலில் உண்டு. சென்னை நோயாளிகளின் அதே மாதிரிகளை வைத்து புருனோ ஆண்ட்ராடே, ஐரினி செரெட்டி முதலானவர்கள் சேர்ந்து 2014இல் எழுதிய கட்டுரை, மோனோசைட்டுகளில் ஒரு குறிப்பிட்ட வகை முன்கூட்டியே கிளர்ந்திருந்ததைக் காட்டியது. அதாவது, சி.டி.4 அணுக்கள் திரும்புவதற்கு முன்பே, ஐரிஸ் வரப்போகிறவரின் உடம்பில் பாதி ஏற்பாடுகள் முடிந்திருக்கின்றன.

இந்த இடத்தில் அறிவியல் செய்தி எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். 'ஒரு சொட்டு இரத்தத்தில் ஐரிஸைக் கணிக்கலாம்' என்று தலைப்புப் போடுவது சுலபம். ஒரு கூட்டத்தின் சராசரி இன்னொரு கூட்டத்தின் சராசரியைவிட உயர்ந்திருக்கிறது என்பதற்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதருக்கு வரும் என்று சொல்வதற்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டு. சத்திரப்பட்டித் தறிக்காரருக்குக் காசநோய் இருக்கிறது, காசநோயே சி.ஆர்.பி.யை ஏற்றும். வாய்ப்புண்ணும் நிமோனியாவும் ஏற்றும். அவருடைய சி.ஆர்.பி. 90 என்று வந்தால், அவர் மிகவும் நோயுற்றிருக்கிறார் என்பது தெரியும். அது அவரைப் பார்த்தாலே தெரிகிறது. இன்டர்லூகின் 6 கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம், ஆனால் அதன் செலவும் அதற்கான வசதியும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எட்டாதவை. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும், ஐரிஸை முன்கூட்டிச் சொல்லவோ வந்தபின் உறுதிசெய்யவோ பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஒற்றைப் பரிசோதனை கிடையாது.

அதனால் ஐரிஸைக் கண்டறிவது இன்றைக்கும் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான். காசநோய்க் கிருமிக்கு ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து கேட்காமல் போயிருக்கிறதா? சிபிநாட் பரிசோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? புதிதாக வேறொரு கிருமி ஏறியிருக்கிறதா? மருந்து ஒவ்வாமைக் காய்ச்சலா? இவை எதுவும் இல்லையென்று ஆனபின் மிஞ்சுவது ஐரிஸ். இந்த விலக்கலை அவசரப்பட்டுச் செய்தால் விபரீதம். மருந்து கேட்காத காசநோயை ஐரிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால், கிருமிக்கு நாமே வழிவிட்டது போலாகும்.

இத்தனை தொல்லை தரும் என்றால், காசநோய் மருந்து நன்றாக வேலை செய்து கிருமிச் சரக்கு குறையும்வரை ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடலாமே? பல டாக்டர்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். 2011இல் ஒரே நேரத்தில் வெளியான மூன்று ஆய்வுகள் அந்தப் பழக்கத்தை மாற்றின. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கம்போடியாவில் நடந்த கமெலியா ஆய்வு. 661 நோயாளிகள், பாதிப் பேருக்கு சி.டி.4 எண்ணிக்கை 25 அல்லது அதற்கும் கீழே. நம் தறிக்காரரைவிட மோசமான நிலை. ஒரு பிரிவுக்குக் காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டு மருந்து, இன்னொரு பிரிவுக்கு எட்டு வாரத்தில். சீக்கிரம் தொடங்கிய பிரிவில் ஐரிஸ் வெகுவாக அதிகம். ஆனால் அந்தப் பிரிவில் இறந்தவர்கள் 59. காத்திருந்த பிரிவில் 90. காத்திருக்கும் ஆறு வாரத்தில் எய்ட்ஸ் கொல்வது, ஐரிஸ் கொல்வதைவிட அதிகம். டர்பனில் சலீம் அப்துல் கரீம் குழு நடத்திய ஆய்வும், பல நாடுகளில் நடந்த மற்றொன்றும் சி.டி.4 எண்ணிக்கை 50க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஏறத்தாழ இதையே காட்டின. இப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. என்பதுதான்.

மூளைக்கு மட்டும் இது பொருந்தாது. கழுத்து நெறி வீங்கினால் வெளியே தள்ளிக்கொண்டு வர இடமிருக்கிறது. மண்டை ஓட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளையுறை அழற்சி வந்த 177 பேரிடம் நடத்திய கோட் ஆய்வு 2014இல் வெளியானது. கூட்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கியவர்களில் 26 வாரத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 45. ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30. ஆகவே பூஞ்சை மூளையுறை அழற்சிக்கு நான்கு முதல் ஆறு வாரமும், காசநோய் மூளையுறை அழற்சிக்கு நான்கு முதல் எட்டு வாரமும் பொறுக்கச் சொல்கிறார்கள். வரும் எல்லாருக்கும் அன்றைக்கே மாத்திரை என்று ஓடும் திட்டத்தில், தலைவலி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்பது இதனால்தான் உயிர் காக்கும் கேள்வியாகிறது.

ஐரிஸ் வந்தபின் செய்வது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு மருந்தையும் நிறுத்தாமல் தொடர்வது, தேவைப்பட்டால் சில வாரம் பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு, சீழ் கோத்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது. கேப் டவுனில் கிரேம் மெய்ன்ட்ஜெஸ் குழு 2010இல் 110 பேரிடம் செய்த சோதனையில், பிரெட்னிசோன் சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் குறைந்தன. அதே குழு அடுத்த அடி எடுத்து வைத்தது: வந்தபின் கொடுப்பதை வருமுன் கொடுத்தால்? சி.டி.4 எண்ணிக்கை 100க்கு மேல் போகாத 240 காசநோயாளிகளுக்கு, ஏ.ஆர்.டி. தொடங்கும் அன்றே பாதிப் பேருக்கு நான்கு வாரம் பிரெட்னிசோன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் 46.7 விழுக்காட்டினருக்கு ஐரிஸ், பிரெட்னிசோன்காரர்களில் 32.5. 2018இல் வெளியான இந்த முடிவில், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததால் மற்றக் கிருமிகள் பெருகிவிடுமோ என்ற பயம் நிஜமாகவில்லை.

அந்த எண்களை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். வெற்று மாத்திரை சாப்பிட்டும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐரிஸ் வரவில்லை. அவர்களைப் போன்றவர்களுக்கெல்லாம் ஸ்டீராய்டு வீண். உயிரியல் குறியீடுகளின் தேவை இங்கேதான் உண்மையாகப் பிறக்கிறது. யாருக்கு வரும் என்று தெரிந்தால் அவருக்கு மட்டும் கொடுக்கலாம். இன்டர்லூகின் 6ஐத் தேடுவது ஆய்வகத்து ஆர்வம் மட்டுமல்ல. இந்த நான்கு வார மாத்திரையை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடுவது.

இவ்வளவு நேரம் பேசியது, நோய் தெரிந்து சிகிச்சையில் இருக்கும்போது மோசமாகும் ஐரிஸை. இன்னொரு வகை உண்டு. நோய் இருப்பதே தெரியாது, ஏ.ஆர்.டி. தொடங்கியபின் அது முகம் காட்டும். காசநோய் அப்படி வரும், சில சமயம் தொழுநோய்கூட வந்திருக்கிறது. இங்கே சி.ஆர்.பி. தன் மதிப்பை மீட்டுக்கொள்கிறது. ஐரிஸைக் கணிப்பதில் தடுமாறும் அந்த மலிவான பரிசோதனை, ஒளிந்திருக்கும் காசநோயைத் தேடுவதற்குப் பயன்படும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் காசநோய்க்கான சோதனைகளைச் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. சிறுநீரில் காசநோய்க் கிருமியின் துணுக்கைக் காட்டும் லாம் பட்டையும், இரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் துணுக்கைத் தேடும் சோதனையும் இதே வேலையைச் செய்பவை. எல்லாம் தடத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று மழைக்கு முன்னால் போய்ப் பார்ப்பவை.

2017இல் இந்தியா சி.டி.4 வரம்பை எடுத்துவிட்டது. தொற்று தெரிந்ததும், எண்ணிக்கை எதுவானாலும், மருந்து. ஐரிஸை ஒழிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது: எண்ணிக்கை 500 இருக்கும்போது தொடங்குபவருக்கு ஐரிஸ் வருவது அபூர்வம். சில ஆண்டுகளில் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை வந்தது. இது வைரஸை முந்தைய மருந்துகளைவிட வேகமாகக் குறைக்கும். வேகம் கூடினால் ஐரிஸும் கூடுமோ என்று கவலைப்பட்டார்கள். அதே குடும்பத்து ரால்டெக்ராவிரை முற்றிய எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆப்பிரிக்க ஆய்வில் ஐரிஸ் கூடவில்லை. வேகத்தைவிட, தொடங்கும்போது இருந்த நிலைதான் பெரிது என்று இதிலிருந்து தோன்றுகிறது.

வரம்பு போனது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து உலகின் பல இடங்களில் சி.டி.4 சோதனையின் மீதிருந்த அக்கறையும் போனது. எல்லாருக்கும் மருந்து என்று ஆனபின் எண்ணி என்ன ஆகப்போகிறது, மருந்து கேட்கிறதா என்பதை வைரஸ் அளவு சொல்லிவிடுமே என்ற தர்க்கம். 500இல் வருபவருக்கு அது சரி. 38இல் வருபவருக்குச் சரியில்லை. அவர்கள் வருவது நிற்கவும் இல்லை. இன்டர்லூகின் 6 தொடங்கி ஐ.பி.10 வரை நாம் பார்த்த குறியீடுகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டாலும், ஐரிஸின் அபாயத்தைக் கிராமத்து ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய குறியீடு இன்னும் அந்தப் பழைய எண்தான். அதை அறியாமல் கொடுக்கும் மாத்திரையோடு 'அடுத்த மாதம் காய்ச்சல் வரலாம், நெறி கட்டலாம், வந்தால் நிறுத்தாமல் நேராக இங்கே வாங்க' என்று யாரிடம் அழுத்திச் சொல்வது என்றுகூட கவுன்சிலருக்குத் தெரியாது. இயந்திரம் இல்லாத இடங்களுக்கென்று ஒரு பட்டைச் சோதனை இருக்கிறது. விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில், மின்சாரம் இல்லாமல், சுமார் 40 நிமிடத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200க்கு மேலா கீழா என்று காட்டும். துல்லியமான எண்ணைச் சொல்லாது. தறிக்காரரை அன்றைக்கே அனுப்பிவிடாமல் உட்காரவைத்து, சளியும் சிறுநீரும் எடுத்து, தலைவலி உண்டா என்று கேட்பதற்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.